பறந்த தேதி

ஜனவரி 6, சனி

காலையில் தாராபுரம் போய் ட்ரோனைப் பார்த்தேன். வயலுக்கு மருந்து அடிக்கும் ட்ரோன். பத்து லிட்டர் டேங்க், ஆறு இறக்கை. விற்பவன் பெயர் லோகேஸ்வரன், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். மூன்று வருடமாக ஊர் ஊராகப் போய் வாடகைக்கு அடித்தவன். இப்போது கோழிப்பண்ணை போடுகிறானாம், அதனால் விற்கிறானாம். கோழிப்பண்ணை போடுகிறவன் ட்ரோனை ஏன் விற்க வேண்டும்? கோழியும் ட்ரோனும் சண்டையா போட்டுக்கொள்ளும்?

நான் கேட்பதற்கு முன்பே குறைகளைச் சொன்னான். ஒரு கால் உடைந்து மாற்றியது. ஒரு மோட்டார் புதிது. நான்கு பேட்டரியில் ஒன்று சீக்கிரம் இறங்கிவிடும். இந்த ஐம்பத்தொரு வயதில், தன் மாட்டின் குறையைத் தானாகச் சொன்ன மாட்டு வியாபாரி ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை. சின்னக் குறையைச் சொல்லிப் பெரிய குறையை மறைக்கிறான் என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சுலோசனாவிடம் சொன்னேன்.

"ஏனுங்க, காங்கயத்துல புதுசே தவணைக்குத் தர்றாங்களாமா. அதை உட்டுப்போட்டு இந்தப் பழசையே எதுக்குப் புடிச்சுத் தொங்கறீங்க?"

பழசு விலை குறைவு என்றேன். "சரிங்க" என்றாள். அவள் உடனே சரி என்னும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கிணற்று மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் மாற்றியாயிற்று.

ஜனவரி 8, திங்கள்

கோவையிலிருந்து ஒருவர் போன் செய்தார். இதைவிடப் புதிய ட்ரோன், இதைவிடக் குறைந்த விலை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 11, வியாழன்

ட்ரோன் வீட்டுக்கு வந்துவிட்டது. வேனில் லோகேஸ்வரனே கொண்டுவந்து இறக்கினான். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறோம்.

இந்த டேங்கில் களைக்கொல்லி ஊற்றியது உண்டா என்று கேட்டேன்.

"இல்லீங்கண்ணா. களைக்கொல்லிக்கு இதை எடுக்கவே மாட்டனுங்க. புழு மருந்து, சத்து மருந்து, அவ்வளவுதான்."

"சத்தியமா?"

"சத்தியமுங்க."

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில், அதே வார்த்தை. மனப்பாடம் செய்தவன்தான் வார்த்தை மாறாமல் சொல்லுவான்.

பிறகு சும்மா பேச்சுவாக்கில், ரிமோட்டில் பழைய பதிவுகள் இருக்குமா, 2022 வரைக்கும் இருக்குமா என்று விசாரித்தேன். எந்தக் காட்டில், எந்தத் தேதியில், எத்தனை ஏக்கர் அடித்தது என்று எல்லாமே இருக்கிறதாம். வேண்டாமென்றால் அழித்துத் தருகிறேன் என்றான். "அழிக்காதே" என்று நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. திகைத்துப் பார்த்தான். திறக்கும் கடவுச்சொல்லை மட்டும் பழைய நோட்டில் தேடிப் பிறகு தருவதாகச் சொல்லிப் போனான். இப்போதே தருவதற்கு என்ன கேடு?

விஷயத்தை எழுதிவைக்கிறேன். என் காட்டுக்கு வடபுறம் சிகாமணியின் காடு. முழுப்பெயர் தெய்வசிகாமணி, என் சித்தப்பா மகன். 2022 அக்டோபரில் என் நான்கு ஏக்கர் பருத்தி இலை சுருண்டு, விரல் விரலாக நீண்டு, பூ உதிர்ந்து போயிற்று. களைக்கொல்லி பட்டால்தான் பருத்தி அப்படி ஆகும் என்று வேளாண்மை அலுவலகத்தில் எழுதியே கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் சிகாமணி தன் மக்காச்சோளத்துக்கு ட்ரோன் வைத்து அடித்தான். படைப்புழுவுக்கு அடித்தேன் என்றான். பங்காளி சொல்லை யார் நம்புவது? காற்றில் என் பக்கம் வரட்டும் என்றுதான் அடித்திருக்கிறான். போலீஸில் புகார் கொடுத்தேன், கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்கும் போட்டேன். வழக்கு பிப்ரவரி 14ஆம் தேதி வருகிறது.

அன்றைக்கு அவன் காட்டில் பறந்தது இதே ட்ரோன்தான். அது தற்செயல். வாடகைக்கு அடித்துப் பிழைக்கத்தான் வாங்கியிருக்கிறேன்.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்தேன். வேலிக்கு அப்பால் சிகாமணியும் அவன் மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மாட்டின் மறுபக்கத்துக்குப் போய்விட்டான். குற்றம் உள்ளவன் நேருக்கு நேர் பார்க்க மாட்டான்.

சுலோசனா பொங்கலை ஒரு தூக்குப்போசியில் போட்டு வேலியோரம் வைத்திருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். காக்காய்க்கு என்றாள். மூடி போட்ட பாத்திரத்தில் எந்தக் காக்காய் சாப்பிடும்?

ட்ரோனின் பதிவு எண் அரசாங்க இணையதளத்தில் என் பெயருக்கு மாறிவிட்டது. லோகேஸ்வரன் இழுத்தடிப்பான் என்று நினைத்தேன், சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிட்டான். அவசரம் ஏனோ.

ஜனவரி 22, திங்கள்

கோவைக்குப் பக்கத்தில் உள்ள பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். உரிமம் இல்லாமல் இதைப் பறக்கவிட்டால் அபராதம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், டாக்டர் சான்றிதழ், ஆதார் எல்லாம் சரிபார்த்தார்கள். சான்றிதழில் சென்னியப்பன், ஆதாரில் செனியப்பன். அதற்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம்.

பாடம் எடுப்பது பிருந்தா என்ற பெண். இருபத்தெட்டு வயதுக்கு மேல் இருக்காது. விவசாயக் கல்லூரியில் படித்தவராம். இவர் என்றைக்குக் காட்டில் இறங்கி மிதித்திருப்பார்?

என்னோடு அறையில் தங்கியிருப்பவர் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. மகனோடு சேர்ந்து தொழில் செய்யப்போகிறாராம். என் பையை இரண்டு தடவை பார்த்தார். பூட்டு வாங்கிப் பூட்டிவிட்டேன்.

ஜனவரி 23, செவ்வாய்

கம்ப்யூட்டரில் பறக்கவிடும் பழக்கம். பதினோரு தடவை விழுந்தது. ஏட்டு நான்கே தடவை. ஆள் முன்பே எங்கோ பழகிவிட்டு வந்திருக்கிறார்.

ஜனவரி 24, புதன்

இன்று மருந்து தெளிப்புப் பாடம். காற்று எவ்வளவு வேகம் இருந்தால் அடிக்கக் கூடாது, எவ்வளவு உயரத்தில் அடிக்க வேண்டும், எல்லாம் குறித்துக்கொண்டேன். வழக்குக்கு உதவும்.

பிறகு அந்தப் பெண் திரையில் ஒரு படம் போட்டார். பருத்திச் செடி. இலை விரல் விரலாக நீண்டு சுருண்டிருந்தது. என் காட்டில் எடுத்த படமோ என்று தோன்றியது. என்ன நோய் என்று கேட்டார். நான் எழுந்து, "பக்கத்துக் காட்டுக்காரன் களைக்கொல்லி அடிச்சதுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"அப்படியும் ஆகலாங்க சார்" என்றார் பிருந்தா. "ஆனா நான் போய்ப் பார்த்த காட்டுல பாதிக்கு மேல சொந்த டேங்க்தான். முந்தின நாள் சோளத்துக்குக் களைக்கொல்லி அடிச்சிருப்பாங்க. டேங்கை ஒருக்கா அலசிட்டு அதே டேங்குல பருத்திக்குப் புழு மருந்து கலந்து அடிச்சிருவாங்க. டேங்க்ல மூடி அளவு நின்னிருந்தாப் போதும். மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவோணும். ஒவ்வொரு தடவையும் மருந்து தெளிக்கற நாசில் வழியா தண்ணி ஓடோணும். இலை சுருள மூணு நாள் ஆகும். அதுக்குள்ள நாம டேங்கை மறந்திருப்போம்."

அந்தப் பெண்ணுக்கு அனுபவம் போதாது.

மெஸ்ஸில் சாம்பார் சரியில்லை. சாப்பிடவில்லை.

ஜனவரி 25, வியாழன்

பகல் சாப்பாட்டின்போது ஏட்டிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். ஒருவர் ஒரு புகார் கொடுத்து, அது பிறகு தப்பு என்று தெரிந்தால் புகார் கொடுத்தவருக்கு என்ன ஆகும் என்று. ஒரு நண்பருக்காகக் கேட்டேன்.

"தெரிஞ்சே பொய்ப் புகார் குடுத்தாத்தான் வம்பு. தெரியாமக் குடுத்தது வேற. உங்க நண்பருக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு கேளுங்க" என்றார்.

போலீஸ்காரனிடம் வாயைக் கொடுக்கக் கூடாது.

ஜனவரி 29, திங்கள்

தேர்வு முடிந்தது. எழுத்தில் எழுபத்தாறு. பறத்தலில் எட்டு வடிவம் போடும்போது காற்று அடித்தும் கோடு விலகவில்லை. தேறிவிட்டேன் என்று கை கொடுத்தார் பிருந்தா. சான்றிதழ் பதினைந்து நாளில் இணையத்தில் வருமாம். சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியிலிருந்த காடுகளையெல்லாம் இது எத்தனை டேங்க் பிடிக்கும், அது எத்தனை டேங்க் பிடிக்கும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 31, புதன்

உரக்கடையில் ட்ரோன் விஷயத்தைச் சொன்னேன். ஒரே நாளில் ஐந்து பேர் தங்கள் காட்டுக்கு அடிக்கச் சொல்லிப் பேசிவிட்டார்கள். மொத்தம் இருபத்திரண்டு ஏக்கர்.

கடவுச்சொல் வந்தது. ரிமோட்டைத் திறந்து பார்த்தேன். லோகேஸ்வரன் போனில் வழி சொன்னான். பெயர்களும் தேதிகளும் வரிசையாக ஓடின. சிகாமணி, மக்காச்சோளம், மூன்று ஏக்கர். தேதி அக்டோபர் 19. காலை ஏழு பத்திலிருந்து எட்டு ஐந்து வரை.

புகாரில் நான் கொடுத்த தேதி அக்டோபர் 12.

"தேதி தப்பாக் காட்டுமா?" என்று கேட்டேன்.

"காட்டாதுங்கண்ணா, சேட்டிலைட்ல இருந்து வர்ற தேதி. பன்னண்டாந்தேதி நான் பழனிப் பக்கம் வாழைக்கு அடிச்சுட்டு இருந்தனுங்க, அதுக்குக் கீழயே இருக்கும் பாருங்க."

இருந்தது. பதிவை இவனே திருத்தியிருக்க முடியாதா என்று யோசித்தேன். ஆனால் அழித்தே தருகிறேன் என்றவன் எதற்காகத் திருத்தப்போகிறான்?

ஒரு வாரம்தானே வித்தியாசம். அதனால் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

பருத்தி எந்தத் தேதியில் சுருண்டது என்பதுதான் இப்போது கேள்வி என்கிறார் வக்கீல். ட்ரோன் வந்த பிறகு சுருண்டிருந்தால் வழக்கு நிற்கும். என் 2022 டைரி பரண் மேல் பெட்டியில் இருக்கிறது. ஏணி கைவசம் இல்லை.

பிப்ரவரி 3, சனி

ஏணி கிடைக்கவில்லை. எருமைக்குச் சினை ஊசி போட டாக்டர் வந்தார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

சுலோசனா ஏணியைக் கொண்டுவந்து பரணுக்கு நேராகச் சாத்தி வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 5, திங்கள்

எடுத்தேன். என் கையெழுத்தில் இருந்ததை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

"அக்டோபர் 11. தெற்குக் காட்டுச் சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்தாயிற்று. தோள் வலி."

"அக்டோபர் 13. பருத்திக்கு அசுவினிப் பூச்சி மருந்து, காலை ஏழு முதல் பதினொன்று வரை. டேங்கை நன்றாகக் கழுவினீர்களா என்று சுலோசனா தொணதொணத்தாள். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை."

"அக்டோபர் 16. பருத்தி இலை சுருள்கிறது. அசுவினி போகவில்லையோ?"

ட்ரோன் வந்தது பத்தொன்பதாம் தேதி.

பிப்ரவரி 6, செவ்வாய்

பழைய ஸ்பிரேயரை எடுத்துப் பார்த்தேன். அதே தோளில் மாட்டும் டேங்க்தான். ஒரு தடவைதான் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றினேன். இப்போது நினைவு வருகிறது. கரண்ட் நிற்பதற்குள் தண்ணீர் பிடித்து முடிக்க வேண்டும் என்ற அவசரம்.

சுலோசனாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றாள்.

"தெரிஞ்சு ஏன் சொல்லலை?"

"சொன்னனே. என்ற மேலயும் சந்தேகப்பட்டீங்க. நானும் சிகாமணி பொண்டாட்டியும் சேர்ந்துக்கிட்டுப் பேசறோம்னு ஒரு மாசம் என்கிட்டப் பேசாம இருந்தீங்க. மறந்துபோச்சாட்டு இருக்குது."

மறக்கவில்லை. அதை டைரியில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, வெள்ளி

வக்கீலிடம் போனேன். டைரியைக் காட்டினேன். படித்துவிட்டு மூடி என் பக்கமே தள்ளினார்.

"இதை நான் பார்க்கலை, நீங்களும் காட்டலை. பங்காளிச் சண்டை வேண்டாம்னு மனசு மாறிட்டதாச் சொல்லி வாபஸ் வாங்கிக்கலாம். போலீஸ் புகாரும் சமாதானத்துல முடிஞ்சிரும். காரணத்தை யாரும் கேக்கப்போறதில்ல."

நல்ல யோசனை. ட்ரோன் தொழிலை ஆரம்பிக்கும் நேரத்தில், தன் டேங்கைக் கழுவாமல் தன் பருத்தியைத் தானே எரித்தவன் என்று தெரிந்தால் எவன் தன் காட்டுக்குள் விடுவான்? ஒப்புக்கொண்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 14, புதன்

வழக்கு வாபஸ். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சிகாமணி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஏன் என்று புரியாமல் என்னையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். இவன் அடுத்து என்ன சூழ்ச்சி செய்யப்போகிறான் என்று பார்க்கும் பார்வை.

உரிமச் சான்றிதழும் இன்றே இணையத்தில் வந்துவிட்டது. என் படத்தோடு. பெயரில் ஒரு எழுத்தும் விட்டுப்போகவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

டீக்கடையில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். "உங்களுக்குப் பெரிய மனசுங்க. நாலு ஏக்கரை எரிச்சவனைப் போனாப் போகட்டும்னு உட்டுட்டீங்க" என்றார் உரக்கடைக்காரர். சிகாமணி வந்தான், இதைக் கேட்டான், டீ சொல்லாமலே திரும்பிப் போனான்.

வழக்கு இருந்தவரை அவன் குற்றவாளியா இல்லையா என்று ஊருக்கு ஒரு சந்தேகமாவது இருந்தது. நான் மன்னித்துவிட்ட பிறகு அதுவும் இல்லை. பால் சொசைட்டியில் ஒன்பது வருடம் செயலாளராக இருந்தவன். போலீஸ் புகார் வந்ததும் அவனாகவே விலகும்படி செய்தார்கள். இனி அந்த நாற்காலி அவனுக்குக் கிடைக்காது.

டீ கசந்தது. வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 17, சனி

இரண்டு பேர் போன் செய்து அடுத்த வாரமே அடிக்க வரச் சொன்னார்கள். உங்களைப்போல நம்பிக்கையான ஆள் கிடைப்பது கஷ்டம் என்றார் ஒருவர்.

பிப்ரவரி 19, திங்கள்

காலை ஆறரைக்குச் சொசைட்டியில் பால் ஊற்ற முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். சிகாமணி எனக்கு ஐந்து ஆள் முன்னால் நின்றான். என் முறை வந்ததும் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பி நின்றேன்.

"ஒரு நிமிசம் கேளுங்க. என்ற பருத்தி போனதுக்கு நான்தான் காரணம். சோளத்துக்குக் களைக்கொல்லி அடிச்ச டேங்கைச் சரியாக் கழுவாம அதுலயே பருத்திக்கு மருந்து அடிச்சேன். சிகாமணி ட்ரோன் வெச்சது பருத்தி சுருண்டு மூணு நாள் கழிச்சு. பதிவு என்கிட்ட இருக்குது, யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம். புகார் குடுத்தது என்ற தப்பு."

 பால் அளக்கும் மிஷின் கத்திக்கொண்டிருந்தது. சிகாமணி கேனைத் துணியால் துடைத்தான், மூடினான், வண்டியில் மாட்டினான், போய்விட்டான். 

பிப்ரவரி 20, செவ்வாய்

இருபத்திரண்டு ஏக்கரில் பதினேழு ஏக்கர் போயிற்று. ஒருவர் மாமியார் இறந்துவிட்டார் என்றார். அந்த அம்மா ஆறு வருடம் முன்பே இறந்தவர், சவம் எடுத்த அன்று நானும் போயிருந்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

மீதி ஐந்து ஏக்கரும் போயிற்று.

மார்ச் 4, திங்கள்

ட்ரோனுக்குத் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன். பேட்டரி கெடாமல் இருக்க வாரம் ஒரு தடவை சார்ஜ். லோகேஸ்வரன் போன் செய்து ஏதாவது கோளாறு உண்டா என்று விசாரித்தான். இல்லை என்றேன். விற்ற பிறகும் விசாரிக்கிறான். நல்ல பையன் என்றுதான் தோன்றுகிறது.

மார்ச் 19, செவ்வாய்

மாலையில் வேலியோரம் சிகாமணி வந்து நின்றான். பதினேழு மாதத்துக்குப் பிறகு.

"எள்ளுல புழு உழுந்துருக்குது. மூணு ஏக்கர். நாளைக்குக் காலைல அடிக்கோணும்."

"வர்றேன்."

"நான் முன்னால நின்னு டேங்கைக் கழுவறதைப் பாப்பனுங்க."

"பாரு."

"மருந்தையும் நானே பிரிச்சு ஊத்துவேன்."

"சரிப்பா."

போனான். அண்ணா என்று அவன் கூப்பிடவில்லை என்பதைக் கவனித்தேன்.

மார்ச் 20, புதன்

காலை ஆறே முக்காலுக்கு டேங்கைக் கழுவ ஆரம்பித்தேன். இதுவரை இந்த டேங்கில் நான் எதையும் ஊற்றவில்லை, இருந்தாலும் கழுவினேன். சோப்புப் போட்டு ஒன்று. நாசில் வழியாகத் தண்ணீர் ஓடவிட்டேன். சிகாமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இரண்டு. மூன்று. டேங்கில் மூக்கை விட்டு மோந்து பார்த்தான்.

"இன்னொருக்காக் கழுவுங்க."

மூன்று தடவைதான் விதி என்று சொல்ல வாயெடுத்தேன். கழுவினேன். ஒருவன் நம்மைச் சந்தேகப்பட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும்போது கை எவ்வளவு கனக்கிறது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. இவன் இதைப் பதினேழு மாதம் தூக்கிச் சுமந்திருக்கிறான்.

மூன்று ஏக்கர், மூன்று டேங்க், நாற்பது நிமிடம். காற்று இல்லை.

மார்ச் 23, சனி

மூன்றாம் நாள். விடிந்ததும் வேலியோரம் போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கம் சிகாமணி ஏற்கனவே குனிந்து ஒவ்வொரு செடியாக இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சுருளவில்லை.

"நல்லாத்தான் இருக்குது" என்றான். இன்னொரு இலையையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் இன்னும் ரெண்டு நாள் பாக்கோணுங்கண்ணா" என்றான்.

இன்னும் ஐந்து நாள்கூடப் பார்க்கலாம் என்றேன்.